கேள்வி-பதில்: என் விவரம் கசிந்தால் வழக்குப் போடலாமா?

கே: ஜவுளிக்கடையில் போன் நம்பர் சொல்லாவிட்டால் பில் போட முடியாது என்கிறார்கள். (திண்டுக்கல்)

ப: நம்பாதீர்கள். நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. தகராறு செய்தால் அங்கேயே நின்று 1915-க்குப் போன் போடுங்கள். நான் மிக்ஸி வாங்கியபோது வாரண்டி அட்டையில் எழுதிய நம்பர் யார் யார் கைக்கோ போய், இன்றும் கடன் வேண்டுமா என்று அழைக்கிறார்கள். மிக்ஸி பழுதானபோது அந்தக் கடையில் போனையே எடுக்கவில்லை.

கே: பணம் கட்டி ஸ்கேன் எடுத்தேன். மறுநாளே ஒரு குழந்தைப்பேறு மையத்திலிருந்து அழைத்து, ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொல்லியே சிகிச்சைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில்கூட நான் இன்னும் சொல்லவில்லை. வழக்குப் போடலாமா? (சேலம்)

ப: தாராளமாகப் போடுங்கள் அம்மா. நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்ட அனுமதியில்லாமல் பிறருக்குக் கொடுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு. நீங்கள் பணம் கட்டியவர், ஸ்கேன் பில்லைப் பத்திரமாக வையுங்கள். அழைத்த நம்பர், நேரம், பேசியவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் இன்றே எழுதிவிடுங்கள். முதலில் ஸ்கேன் மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ், பிறகு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

2023-ல் வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று பலர் எழுதுகிறீர்கள். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு அதில் 250 கோடி வரை அபராதம் உண்டு. அத்தனையும் அரசு கஜானாவுக்கு, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் வராது. இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் டேட்டா பாதுகாப்பு வாரியத்தின் கையில் உள்ள விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்கும் போக முடியாது. மருத்துவ விவரமோ பாஸ்வேர்டோ கசிந்தால் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. 2025 நவம்பர் அறிவிப்பிலிருந்து 18 மாதத்தில் அதுவும் போய்விடும். மானம் போனது இந்தப் பெண்ணுக்கு, பணம் மட்டும் கஜானாவுக்கா? இது அநியாயம், திருத்தும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

கே: இலவச ஜாதக ஆப் கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்தேன். இப்போது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் விளம்பர மெசேஜ் போகிறது. (கடலூர்)

ப: காசு கொடுக்காததால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் மனு நிற்பது கஷ்டம். புதிய சட்டம் காசு கொடுத்தீர்களா என்று பார்க்காது. அது முழுதாக நடைமுறைக்கு வந்ததும் முதலில் ஆப் நிறுவனத்திடம், பிறகு வாரியத்திடம் புகார் செய்யலாம். ஜாதகம் கணிக்க அத்தை, மாமா நம்பரெல்லாம் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டாமா? அவர்கள் யாரும் அனுமதி கொடுக்கவில்லையே.

கே: லக்கி டிரா கூப்பனில் பான் எண் எழுதிப் போட்டுவிட்டேன். (மதுரை)

ப: கூப்பன் திரும்பி வராது. கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.