லண்டனில் வீல்சேருடன் சுற்ற நாள் முழுக்க வேன் வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதம் வந்த பிறகு, வெளியே போனால் மடக்கு வீல்சேர்தான். கையைப் பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்பார், படி ஏற முடியாது. நான்கு நாள் லண்டன் போகிறோம். "பஸ், பாதாள ரயில் எதுவும் உங்களுக்குச் சரிப்படாது, நான்கு நாளும் தனி வேன்தான்" என்கிறார் டிராவல்ஸ்காரர். வேன் வாடகை ஹோட்டல் செலவையே தாண்டுகிறது. வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. வேன் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

லண்டனின் சிவப்பு பஸ்கள் எல்லாம் தாழ்தளப் பஸ்கள். வெளியே கதவருகே இருக்கும் நீல பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் நடுக்கதவிலிருந்து சாய்பலகையை இறக்குவார். 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்குள் இருக்கும் வீல்சேர் ஏறிவிடும். மடக்கு வீல்சேர் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும், எதற்கும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீல்சேரில் வருபவருக்குப் பயணம் இலவசம், கூட வரும் நீங்கள் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு பஸ்ஸில் ஒரு வீல்சேருக்குத்தான் இடம். அந்த இடத்தில் குழந்தை வண்டி நின்றால் தயங்க வேண்டாம், முன்னுரிமை அம்மாவுக்குத்தான். ஓட்டுநர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லியிருக்கிறது. அந்த உரிமைக்காக ஒரு பயணி அவ்வளவு தூரம் வழக்காட வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மழை வந்தாலோ அம்மா களைத்துவிட்டாலோ கறுப்பு டாக்ஸி எடுங்கள். லண்டனின் கறுப்பு டாக்ஸி ஒவ்வொன்றிலும் சாய்பலகை உண்டு. அம்மா வீல்சேரில் இருந்தபடியே ஏறலாம், அல்லது சீட்டுக்கு மாறி உட்கார்ந்து வீல்சேரை மடித்து வைக்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் விழும். அவர் ஏறி, வீல்சேரை இறுக்கிக் கட்டி முடிக்கும் வரை மீட்டர் ஓடவும் கூடாது. ஓடினால் கேளுங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ தானாக வந்து "டாக்ஸி வேண்டுமா, வீல்சேரும் ஏறும்" என்று பேச்சுக் கொடுப்பவருடன் மட்டும் போகவே கூடாது. முன்பதிவு இல்லாமல் அப்படி ஆள் பிடிப்பதே அங்கே சட்டவிரோதம்.

டிராவல்ஸ்காரர்கள் கைவைக்கும் இன்னொரு இடம் நுழைவுச் சீட்டு. லண்டன் ஐ என்னும் ராட்சத ராட்டினம், லண்டன் கோபுரம் என்னும் பழைய கோட்டை போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளியுடன் உதவிக்கு வரும் ஒருவருக்குச் சீட்டு இலவசம். நேரடியாகப் பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். இடைத்தரகரின் 'வீல்சேர் பேக்கேஜில்' இரண்டு முழுச் சீட்டுக்கும் பணம் வாங்கிவிடுவார்கள், மிச்சம் அவர்கள் பையில். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.

பாதாள ரயிலைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1863-இல் தொடங்கிய ரயில் அது. இன்றும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் படியில்லாமல் போகக்கூடிய நிலையங்கள். இவ்வளவு பணக்கார நகரத்துக்கு இது போதவே போதாது. 2022-இல் திறந்த எலிசபெத் லைன் மட்டும் நம்பிக்கையானது, அதன் 41 நிலையங்களிலும் படி ஏறாமல் போகலாம்.

மற்ற பாதைகளில் போவதென்றால் வரைபடத்தில் நிலையப் பெயர் அருகே உள்ள வீல்சேர் குறியின் நிறத்தைப் பாருங்கள். நீல வட்டத்துக்குள் வெள்ளைக் குறி என்றால், தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியில்லை. வெள்ளை வட்டத்துக்குள் நீலக் குறி என்றால், நடைமேடை வரைதான் படியில்லை. அதன் பிறகு ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளியோ உயர வித்தியாசமோ இருக்கும், ஊழியர் பலகை போட வேண்டிவரலாம். ஏறும் நிலையத்தில் நீல வட்டம், இறங்கும் நிலையத்தில் வெள்ளை வட்டம் என்றால் இறங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதனால் ஏறுமிடம், இறங்குமிடம், நடுவில் மாறுமிடம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம், நிலையத்தை மட்டும் பார்த்தால் போதாது, பாதையையும் பார்க்க வேண்டும். லண்டன் ஐ அருகே இருக்கும் வாட்டர்லூவில் ஜூபிலி லைனுக்கு லிஃப்ட் இருக்கிறது, அதே நிலையத்தின் பேக்கர்லூ லைனுக்குப் படிதான். ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இப்படி இரண்டு விதமாக வைத்திருந்தால் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? கோவென்ட் கார்டன், லெஸ்டர் ஸ்குவேர், பிக்காடிலி சர்க்கஸ் நிலையங்களை விட்டுவிடுங்கள், அங்கே படியைத் தவிர்க்க முடியாது. அந்த இடங்களுக்கு பஸ்ஸிலேயே போங்கள். கிளம்பும் முன் அன்றைய லிஃப்ட் பழுது விவரத்தை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஊழியர் இல்லை என்றே லிஃப்டைப் பூட்டிவிடும் நாட்களும் உண்டு.

லண்டன் கோபுரத்தில் தரை பல இடங்களில் கரடுமுரடான உருளைக்கல், வீல்சேர் தள்ளுபவருக்குக் கை வலிக்கும். நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்தில் படிகள் அதிகம், அதை விட்டுவிடுங்கள். அரச நகைகள் இருக்கும் கட்டடத்துக்குள் அம்மா வீல்சேரிலேயே போகலாம். அதற்காகவே ஒரு காலை நேரத்தை ஒதுக்கலாம்.