தன்பாலீர்ப்பு சுயாதீனப் படங்கள்: கேட்டவையும் சொன்னவையும்

படவிழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பல வருடமாக இருக்கிறேன். துணையெழுத்தும் (சப்டைட்டில்) எழுதிக் கொடுப்பேன். தன்பாலீர்ப்பாளர்கள் கைக்காசு போட்டும் கடன் வாங்கியும் எடுத்த படங்கள்தான் நான் அதிகம் பார்த்தவை. அவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தன்பாலீர்ப்பு (கே) பாத்திரங்கள் வரும் பெரிய படங்கள் இப்போது நிறைய இருக்கின்றனவே. ‘சுயாதீனம்’ என்று தனியாகப் பிரித்துப் பேச என்ன அவசியம்?

படத்தில் ஒரு காட்சி வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அதைப் பார்த்தால் போதும். பெரிய படத்தில் நட்சத்திரம் சொல்லலாம், விநியோகஸ்தர் சொல்லலாம், ஒளிபரப்பு உரிமை வாங்குபவர் சொல்லலாம். சுயாதீனப் படத்தில் பெரும்பாலும் இயக்குநரும் நாலைந்து நண்பர்களும் மட்டுமே இருப்பார்கள். 1986இல் பில் ஷெர்வுட் எடுத்த ‘பார்ட்டிங் கிளான்சஸ்’ படத்தில் எய்ட்ஸ் வந்த ராக் பாடகன் ஒருவன் வருகிறான். ஸ்டீவ் புஷெமி ஆரம்ப காலத்தில் செய்த பாத்திரம் அது. அவன் படுக்கையில் கிடந்து கண்ணீர் வரவழைப்பவன் அல்ல. வாய்த்துடுக்கு உண்டு, கோபம் உண்டு, நண்பன் மேல் தீராத காதல் உண்டு. எய்ட்ஸ் என்றாலே ஊர் அலறிய காலத்தில் அவனை அப்படி எழுத, நோயாளிகளை வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்பட்டவர்களால் முடிந்திருக்காது. ஷெர்வுட் 1990இல் எய்ட்ஸால் இறந்தார். அவர் விட்டுப்போன முழுநீளப் படம் அது ஒன்றுதான்.

முதல் படம் எது?

‘முதல்’ என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 1919இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஆஸ்வால்ட் எடுத்த ‘ஆண்டர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டர்ன்’ படத்திலிருந்து தொடங்குவது நியாயம். ‘மற்றவர்களிலிருந்து வேறானவர்கள்’ என்று பொருள். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கிய 175ஆவது சட்டப்பிரிவை வைத்து ஒரு வயலின் கலைஞனை மிரட்டிப் பணம் பறிக்கிறான் ஒருவன். கலைஞன் கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறான். பாலியல் ஆய்வாளர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ஆஸ்வால்டோடு சேர்ந்து கதை எழுதியதோடு, படத்தில் மருத்துவராகவே வந்து இந்தச் சட்டம் தவறு என்று பேசுகிறார். அடுத்த வருடமே பொதுத் திரையிடலுக்குத் தடை போட்டார்கள். வயலின் கலைஞனாக நடித்த கான்ராட் வைட்டைப் பலர் வேறு படத்தில் பார்த்திருப்பீர்கள். ‘காசாபிளாங்கா’வின் நாஜி அதிகாரி அவர்தான்.

இந்தப் படங்கள் என்றாலே படுக்கையறைக் காட்சிதானா? குடும்பத்தோடு பார்க்க முடியாதே.

சில படங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மற்ற காதல் படங்களும் அப்படித்தானே. ஆனால் ஆசையைக் காட்ட உடம்பைத்தான் காட்டியாக வேண்டும் என்பதில்லை. எழுத்தாளர் ஜான் ஜெனே 1950இல் ஒரு 26 நிமிட மௌனப்படம் எடுத்தார். சிறை. பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு கைதிகள். நடுச்சுவரில் ஒரு சின்ன ஓட்டை. ஒருவன் அதில் வைக்கோல் துரும்பைச் செருகி, சிகரெட் புகையை அந்தப் பக்கம் ஊதுகிறான். மற்றவன் வாயைத் திறந்து புகையை வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. திரையில் நான் பார்த்த காதல் காட்சிகளில் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை மிகக் குறைவு. (அந்தப் படத்தில் அப்பட்டமான காட்சிகளும் உண்டு. அதையும் சொல்லிவிடுவது முறை.)

1990களின் தொடக்கத்தில் ஒரே சமயத்தில் இத்தனை படங்கள் எப்படி வந்தன? ‘நியூ க்வியர் சினிமா’ (தன்பாலீர்ப்பாளர்களின் புதிய சினிமா) என்று படித்தேன். ஒரு இயக்கமாகத் திட்டமிட்டுச் செய்தார்களா?

திட்டம் எதுவும் இல்லை. 1992இல் விமர்சகர் பி. ரூபி ரிச் அந்தப் பெயரை வைத்தார். படங்கள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன. 1991இல், அமெரிக்கச் சுயாதீனப் படங்களுக்கான சன்டான்ஸ் விழாவில் டாட் ஹெய்ன்ஸின் ‘பாய்சன்’ கதைப்படப் பிரிவில் பெரும்பரிசு வாங்கியது. ஜெனி லிவிங்ஸ்டனின் ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படப் பிரிவில் பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் வந்ததற்குக் காரணம் சாவு. 1981இலிருந்து அமெரிக்க நகரங்களில் நண்பர்கள் எய்ட்ஸால் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அரசு வாய் திறக்கவில்லை. 1987இல், எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பு தெருவுக்கு வந்தது. கையில் வீடியோ கேமராவோடு போராட்டத்துக்குப் போனவர்கள் படமெடுக்கவும் வந்தார்கள். ‘ஸ்வூன்’ எடுத்த டாம் கேலின், ஆக்ட் அப்பிலிருந்து கிளைத்து சுவரொட்டிகள் செய்த கிரான் ஃப்யூரி குழுவில் இருந்தவர். ‘அடுத்த வருடம் இருப்போமா’ என்று தெரியாதவர்களுக்கு, தயாரிப்பாளர் சம்மதத்துக்காகப் பத்து வருடம் காத்திருக்கும் பொறுமை எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் மாறியது. அதுவரை நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படங்கள்கூட, ‘பாருங்கள், நாங்களும் உங்களைப் போல நல்லவர்கள்தான்’ என்று கெஞ்சின. இவர்கள் கெஞ்சவில்லை. ‘ஸ்வூன்’ 1924இல் ஒரு சிறுவனைக் கொன்ற இரு காதலர்களைப் பற்றியது. கிரெக் அராக்கியின் ‘த லிவிங் எண்ட்’ எச்ஐவி உள்ள இரண்டு பேர் ஊரைவிட்டு ஓடும் கதை. நற்சான்றிதழ் கேட்காமல் தன்னைப் பற்றிப் பேசும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் படங்கள் மேல் உள்ள மரியாதை அதனால்தான்.

விலையும் கொடுத்தார்கள். ‘பாய்சன்’ படத்துக்கு அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 25,000 டாலர் தந்திருந்தது. வரிப்பணத்தில் ஆபாசமா என்று மதவாத அமைப்புகள் கொதித்தன. கறுப்பின கே ஆண்களைப் பற்றி மார்லன் ரிக்ஸ் எடுத்த ‘டங்ஸ் அன்டைட்’ 1991இல் பொதுத் தொலைக்காட்சிக்கு வந்தபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. ரிக்ஸ் 1994இல் இறந்தார். அவருக்கும் எய்ட்ஸ்தான்.

இயக்குநர்கள் பெயரைச் சொல்லும்போது தயாரிப்பாளர் கிறிஸ்டின் வாச்சனையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பாய்சன்’, ‘ஸ்வூன்’, பின்னர் ‘பாய்ஸ் டோன்ட் க்ரை’, ‘கேரல்’ என்று பல படங்களுக்குப் பின்னால் நின்ற பெண்மணி.

பிரிட்டிஷ் இயக்குநர் டெரக் ஜார்மனின் ‘ப்ளூ’ பார்த்தேன். படம் முழுக்க நீல நிறம் மட்டும். இதைப் படம் என்று எப்படி ஏற்பது?

ஜார்மனுக்கு அப்போது எய்ட்ஸால் பார்வை போய்க்கொண்டிருந்தது. 79 நிமிடமும் ஒரே நீலம். குரல்கள், இசை, மருத்துவமனைச் சத்தங்கள். தனக்குத் தரப்படும் மருந்தின் பக்க விளைவுகளை நீளமாக வாசித்துக்கொண்டே போகும் பகுதி ஒன்று உண்டு. ஓரிடத்தில் கடைக் கண்ணாடிக்குள் காலணிகளைப் பார்க்கிறார். வாங்கலாமா என்று தோன்றுகிறது. வேண்டாம், காலில் கிடப்பதே மிச்சமிருக்கும் தூரத்துக்குப் போதும் என்று விட்டுவிடுகிறார்.

அந்தக் காலணியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? உங்கள் மனதுக்குள்தானே. கண் தெரியாதவரின் பக்கத்தில் நம்மையும் உட்காரவைக்கிறது படம். 1993இல் வெளியானது. அடுத்த பிப்ரவரியில் அவர் போய்விட்டார். இருட்டறையில், ஹெட்போன் மாட்டி, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

திரைப்படக் கல்லூரி மாணவன். என்னிடம் கதை இருக்கிறது, காசில்லை. இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

ஒவ்வொருவரும் ஒரு வழி. கஸ் வான் சான்ட் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துச் சேர்த்த சுமார் 25,000 டாலரில் ‘மாலா நோச்சே’வைக் கறுப்பு வெள்ளையில் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தார். டோனா டைச் ‘டெசர்ட் ஹார்ட்ஸ்’ (1985) படத்துக்காகச் சிறுசிறு பங்குகளாக விற்று 15 லட்சம் டாலர் திரட்டினார். அதற்கே பல வருடங்கள் ஆயின. பிறகு பாட்டு உரிமைக்குக் காசு போதாமல் சொந்த வீட்டை விற்றார். இந்தி இயக்குநர் ஓனிரின் ‘ஐ ஆம்’ 400க்கும் மேற்பட்டோர் போட்ட பணத்தில் உருவாகித் தேசிய விருது வாங்கியது.

ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ (2015) ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் செய்தி. லென்ஸ் மேல் அகலத்திரை அடாப்டர் மாட்டினார்கள், ஒலியைத் தனிக்கருவியில் முறையாகப் பதிவு செய்தார்கள். உங்களுக்கும் அதையே சொல்வேன்: கேமராவில் மிச்சம் பிடியுங்கள், ஒலியில் பிடிக்காதீர்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். தேர்வுக் குழுவில் நல்ல கதைகள் இப்படி வீணாவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கதையையும் காசுக்குத் தக்க வெட்டுங்கள். ஆண்ட்ரூ ஹேயின் ‘வீக்கெண்ட்’ (2011) சுமார் 1,20,000 பவுண்டில் முடிந்தது. இரண்டு ஆண்கள், ஒரு குடியிருப்பு, வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை. முதல் இரவு எப்படி இருந்தது என்று ஒருவன் மற்றவனை டேப் ரெக்கார்டரில் பேசச் சொல்கிறான். வெட்கத்தில் வார்த்தை சிக்கிச் சிக்கி வருகிறது. செலவு என்று பார்த்தால் ஒரு டேப் ரெக்கார்டர். காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுத்ததால், நடிகர்களுக்குள் நெருக்கம் கூடுவது நம் கண்முன்னாலேயே தெரியும்.

ஏன் கடைசியில் யாராவது செத்துவிடுகிறார்கள்? பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

சலிப்பு நியாயமானது. இதில் தணிக்கைக்கும் பங்குண்டு. ஹாலிவுட் தனக்குத்தானே வகுத்துக்கொண்டு, 1934இலிருந்து கறாராக நடைமுறைக்கு வந்த ஹேஸ் தணிக்கை விதிகள் தன்பாலீர்ப்பைக் காட்டவே கூடாது என்றன. 1961இல் அந்தப் பிடி தளர்ந்தபோதும், காட்டினால் தண்டித்துக் காட்டு என்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2018இல் வனூரி காஹியு இரண்டு இளம்பெண்களின் காதலை ‘ரஃபிக்கி’யாக எடுத்தார். பிரான்சின் கேன் படவிழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கிறது, மாற்று என்றது தணிக்கை வாரியம். அவர் மறுத்தார். தடை வந்தது. நீதிமன்றத்துக்குப் போய் ஏழு நாள் மட்டும் திரையிட அனுமதி வாங்கினார். அந்த ஏழு நாளும் நைரோபியில் கூட்டம் அலைமோதியது. இரண்டு பெண்கள் சாகாமல் இருப்பதற்கு ஓர் இயக்குநர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

சாவில்லாத படம் வேண்டுமென்றால் ‘டெசர்ட் ஹார்ட்ஸ்’, ரோஸ் ட்ரோஷின் ‘கோ ஃபிஷ்’ (1994) இரண்டிலிருந்தும் தொடங்குங்கள்.

பட்டியல்களில் ஆண்களே நிறைந்திருக்கிறார்களே?

உண்மை. காசும் விநியோகமும் அவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தன. கறுப்பினப் பெண் என்றால் இன்னும் கடைசி வரிசை. ஷெரில் டூன்யே 1930களின் கறுப்பின லெஸ்பியன் நடிகைகளைத் தேடினார். ஆவணக் காப்பகங்களில் எதுவும் அகப்படவில்லை. அதனால் ஃபே ரிச்சர்ட்ஸ் என்று ஒரு நடிகையைக் கற்பனையாகப் படைத்தார். புகைப்படக் கலைஞர் ஸோ லெனர்ட் பழைய காலத்துப் படங்கள் போலவே அவளுக்கு ஒரு முழு ஆல்பம் எடுத்துக் கொடுத்தார். ‘த வாட்டர்மெலன் வுமன்’ (1996) அப்படிப் பிறந்தது. படம் முழுக்க அவள் நிஜமென்றே நம்பிக்கொண்டிருப்போம். கடைசியில் ஓர் எழுத்துப் பலகை வந்து இது கற்பனை என்கிறது. முதல்முறை பார்த்தபோது யாரோ சொந்தக்காரர் இறந்த மாதிரி இருந்தது எனக்கு.

தன்பாலீர்ப்பாளர் அல்லாதவர் இந்தக் கதைகளை எடுக்கலாமா?

எடுக்கலாம், தனியாக எடுக்காதவரை. ‘மூன்லைட்’ (2016) இயக்கிய பேரி ஜென்கின்ஸ் கே அல்ல. மூலக்கதை எழுதிய டாரெல் ஆல்வின் மெக்ரேனி கே. இருவரும் மயாமியில் ஒரே பகுதியில், போதைக்கு அடிமையான தாய்களிடம் வளர்ந்தவர்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. ‘டேஞ்சரின்’ கதையும் அதில் நடித்த இரண்டு திருநங்கைகளோடு பேசிப் பேசியே உருவானது.

என் மகன் தன்னைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்திருக்கிறான். திரையிடலுக்கு வரச் சொல்கிறான். அங்கே எல்லோர் முன்னாலும் எப்படி உட்காருவேன் என்று பயமாக இருக்கிறது.

போங்கம்மா. கடைசி வரிசையில் உட்காருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். படம் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. விளக்கு எரிந்ததும் இயக்குநர்கள் எல்லோரும் முதலில் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுவார்கள். எத்தனையோ திரையிடலில் மேடையோரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்த முகம் அங்கே இருந்தால் அவர்கள் பேசும் குரலே வேறு.

பழைய படங்கள் பல எங்குமே கிடைப்பதில்லை. என்ன ஆயிற்று?

படுக்கைக்கு அடியிலும் பரணிலும் இருந்து கெட்டுப்போயின. எடுத்தவர் எய்ட்ஸால் இறந்தபின், வெட்கப்பட்ட குடும்பம் பெட்டியோடு தூக்கிப்போட்டதும் உண்டு. மேலே சொன்ன 1919 படம்கூட முழுதாக இல்லை, மிஞ்சியது ஒரு பகுதிதான். 2005இல் லாஸ் ஏஞ்சலிஸின் தன்பாலீர்ப்புப் படவிழாவான அவுட்ஃபெஸ்டும், அதே ஊர்ப் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவின் திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து இத்தகைய படங்களைச் சேகரித்துச் சீர்படுத்தத் தொடங்கின. ‘பார்ட்டிங் கிளான்சஸ்’ அப்படி மீட்கப்பட்டதுதான்.

உங்களில் படம் எடுப்பவர்களுக்கு: முழுத்தரக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள். வசனப் பட்டியல், துணையெழுத்துக் கோப்பு, இசை அனுமதிக் கடிதம் மூன்றும் அதிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் பின் உரிமை யாருக்கு என்று கையெழுத்துப் போட்ட தாளையும் கூட வையுங்கள். இரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. படத்தைத் தூக்கிப்போடாத ஆளாக இருந்தால் போதும்.