முழங்கால் தேய்வு உள்ளவர்கள் வீட்டு வேலைகளை நிறுத்திவிட வேண்டுமா?

முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள உங்கள் அம்மா வீட்டு வேலைகளை அடியோடு விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 9 வருடங்களாக வலது முழங்காலில் அதே நோயை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: வேலையைச் செய்யட்டும், நிலத்தில் குந்தியிருந்து செய்வதை மட்டும் விடச் சொல்லுங்கள்.

திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவது, கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பது, சம்மாணம் கட்டியிருந்து மரக்கறி வெட்டுவது என்று எங்கள் வேலைகளில் பாதி நிலத்தோடுதான் நடக்கிறது. முழங்கால் முற்றாக மடங்கும்போது, முழங்கால் சிரட்டைக்கு (முன்பக்க மூடி எலும்புக்கு) பின்னால் ஏற்கெனவே தேய்ந்திருக்கும் குருத்தெலும்பின் மேல் அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. மேசை விளிம்பில் பூட்டும் திருவலையை மகன் வாங்கித் தந்தபோது, அதில் தேங்காய்ப்பூ பழைய பதத்துக்கு வராதென்று முணுமுணுத்தேன். பதம் இன்றும் சற்றுக் குறைவுதான். ஆனால் பழைய திருவலை கோடிப்புறத்துக்குப் போய்விட்டது. வசதியிருந்தால் மலசலகூடத்தில் கொமட் ஒன்றும் பூட்டுங்கள். இதற்குச் செலவழிக்கும் காசு வீண்போகாது.

அதற்காக அசையாமல் இருக்கவும் கூடாது, தொடைத் தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும். கதிரையில் நிமிர்ந்திருந்து, காலை நேராக நீட்டி 5 எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். காலையும் மாலையும் ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. தொடக்கத்தில் தொடை உளைந்தது. பலன் தெரிய இரண்டு மாதங்கள் எடுத்தது.

பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனக் என்ற நோக் குளிசையை நாட்கணக்கில் விழுங்க விடாதீர்கள். அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்த அழுத்தத்தையும் கூட்டும். அதே மருந்தைக் களிம்பாகப் பூசுவதில் ஆபத்துக் குறைவு என்றாலும், அதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். தேய்வினால் காலையில் எழும்பும்போது வரும் மூட்டு விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோயாக) இருக்கலாம்; அதற்கு வைத்தியம் வேறு, தாமதிக்கக் கூடாது.

பொல்லு ஊன்றுவதானால் நோகாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். நான் ஆறு மாதமாக நொந்த பக்கத்திலேயே ஊன்றித் திரிந்தேன். கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித்தந்த பிள்ளைதான் அதைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல், பொல்லை வாங்கி என் இடது கையில் வைத்தது.