கச்சானில் கயாக் – கடிதம்

அன்பின் ஐயா,

திருகோணமலை டச்சுக் குடாவில் விடியற்காலையில் கயாக் என்ற சிறு துடுப்புத் தோணி ஓட்டியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பை வாசித்தேன். போன கிழமை நானும் என் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் மூன்று பேரும் உப்புவெளியில் வாடகைக்கு எடுத்து ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தோம். கரையோரம் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. ஆசை பிடித்துவிட்டது. இந்த ஆடி முடிவதற்குள் உப்புவெளியிலிருந்து கோணேசர் மலையடி வரைக்கும் ஒரு நாள், நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு இன்னொரு நாள் என்று திட்டம் போட்டிருக்கிறோம்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் "கச்சானுக்கு உதிலயோ போகப் போறியள்?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவோ "கடலோட என்ன விளையாட்டு" என்று இரண்டு நாளாகப் பேசுவதில்லை. அலையே இல்லாத கடலுக்கு ஏன் இவ்வளவு பயம்? நாங்கள் போகலாமா? இது வெள்ளைக்காரருக்கான பொழுதுபோக்கு என்று நீங்களும் நினைக்கிறீர்களா?

ச., திருகோணமலை

அன்பின் ச.,

கயாக் ஓட்டுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு இடத்துக்கும் இந்த ஆடியில் போகாதீர்கள்.

அலையில்லாத கடலுக்கு ஏன் பயம் என்று கேட்கிறீர்கள். அந்த ஐயா சிரித்ததன் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், மேற்கிலிருந்து வரும் சுடுகாற்றும்தான்.) தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி, தரை வழியே எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. காற்று அலை எழுப்புவதற்கு நீர்ப்பரப்பில் ஓட இடம் வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த இடம் கிடையாது. போதாததற்குத் தென்னைகளும் ஹோட்டல் கட்டடங்களும் மறைப்பு. அதனால் முதல் இருநூறு முந்நூறு மீற்றருக்குத் தண்ணீர் படுத்துக் கிடக்கும், காற்றே இல்லாதது போல இருக்கும். நீங்கள் பார்த்த கண்ணாடி அதுதான். மறைப்பைத் தாண்டியதும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளத் தொடங்கும். அப்போதும் பயம் வராது. "நல்லா ஓட்டுறோமே" என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஆனி மாதம். நாலு பேர், இரண்டு இரட்டைக் கயாக். வாடகைக்குத் தந்தவர்கள் பெயர் வேண்டாம். தந்த துடுப்புகளில் ஒன்றின் நடு மூட்டில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, நாங்களும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம். காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் என் பனையோலைத் தொப்பி கழன்று கடல் பக்கமாகப் பறந்து தண்ணீரில் விழுந்தது. சிரித்துக்கொண்டே அதைத் துரத்தினோம். துடுப்பை நீட்டினால் எட்டிவிடும் போல இருக்கும், நீட்டியதும் ஒரு முழம் தள்ளிப் போகும். அந்த விளையாட்டில் இன்னும் இருநூறு மீற்றர் வெளியே போய்விட்டோம்.

திரும்பினோம். அதுவரை இல்லாத காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் இருந்த நண்பன் வீசும் ஒவ்வொரு துடுப்புக்கும் ஒரு கைத் தண்ணீர் என் கண்ணுக்கு வந்தது. கரையில் ஒரு சிவப்புக் கூரையும் அதற்கு முன்னால் ஒரு ஒற்றைத் தென்னையும் தெரிந்தன. கூரையின் இடது மூலையைத் தென்னை மறைத்திருந்தது. இருபது நிமிடம் மூச்சு வாங்க வலித்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். தென்னை கூரையின் நடுவுக்கு வந்திருந்தது. கரை கிட்ட வரவில்லை, நாங்கள்தான் பக்கவாட்டில் வழுகிக்கொண்டிருந்தோம். பிறகு அந்த டேப் சுற்றிய மூட்டுக் கழன்றது. நண்பன் கையில் அரைத் துடுப்பு. மற்றக் கயாக் எங்களுக்கு முன்னால் போய்விட்டது, கூப்பிட்ட குரல் காற்றோடு பின்னால் போயிற்று.

இறக்கக்கண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஃபைபர் போட் ஒன்று எங்களைக் கண்டு திரும்பியது. அதிலிருந்த நானா (முஸ்லிம் அண்ணன்) கயிற்றை வீசினார். மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்த நைலோன் கயிறு. "துடுப்ப உள்ள வைங்க. ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா இருங்க" என்றார். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "தம்பிமாரே, தொப்பி போன பக்கமே நீங்களும் போகப் பாத்தீங்களா?" என்று கேட்டார். கரை சேர்ந்த பிறகு மண்ணெண்ணெய்க்காவது காசு எடுக்கச் சொன்னோம். எடுக்கவில்லை. தென்னையைக் காட்டி, "இறங்க முந்தி ஓலையப் பாருங்க" என்றார். ஓலையெல்லாம் கடலை நோக்கி நீண்டு நின்றன, வாரிவிட்ட தலைமயிர் போல. ஒன்பது மணிக்கும் அப்படித்தான் நின்றிருக்கும்.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். உப்புவெளியிலிருந்து கோணேசர் மலை நேர்கோட்டில் நாலு கிலோமீற்றர் அளவு, தென்கிழக்கே. புதிதாக ஓட்டுகிறவர் காற்றில்லாத நீரில் மணிக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து கிலோமீற்றர் போவார். போகும்போது கச்சான் பின்னாலிருந்து தள்ளும், முக்கால் மணியில் சேர்ந்துவிடுவீர்கள். கை களைத்த பிறகு அதே காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும். கரை வளைவாகப் போவதால் நேர்கோட்டில் வெட்டிப் போகத்தான் எல்லாருக்கும் மனம் வரும். அப்படிப் போனால் பாதி வழியில் நீங்கள் நிற்பது திறந்த கடலில். மலை முனையைத் தவறவிட்டால் நேர் கிழக்கே நிக்கோபார் வரை தரையில்லை. புறாமலையும் இதே கணக்குத்தான்: கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், ஆனால் கச்சானில் அந்த ஒரு கிலோமீற்றர் போகும்போது ஒரு நீளம், வரும்போது இன்னொரு நீளம்.

மலையடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மணற்கரையில் அலை உடைந்து செத்துப்போகும். செங்குத்துப் பாறையில் மோதிய அலை சாகாது, திரும்பி வந்து அடுத்த அலையோடு முட்டும். காற்றே இல்லாத நாளிலும் பாறையிலிருந்து ஐம்பது மீற்றருக்குள் தண்ணீர் சட்டியில் கொதிக்கிற மாதிரி மேலும் கீழும் குதிக்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. ஆகவே தள்ளி நின்று பாருங்கள்.

தள்ளி நின்றாலே போதும், அவ்வளவு அழகு. நான் போனது ஒரு பங்குனி. ஐந்தரைக்கு இறங்கி, கோட்டைக்குக் கீழே கரையை ஒட்டியே போய், முனையை அடையும்போது சூரியன் எழுந்து மலையின் முகத்தில் நேராக அடித்தது. நகரத்தில் நின்றால் மலையின் முதுகுதான் தெரியும், முகத்தைப் பார்க்கக் கடலுக்கு வர வேண்டும். முந்நூறு அடிக்கு மேலே கோயிலடியில் நின்றவர்கள் எறும்பளவு. மணியோசை காற்றில் அறுந்து அறுந்து வந்தது. இராவணன் வெட்டு என்ற மலைப் பிளவுக்கு நேரே ஒரு செவ்வரத்தம் பூ மிதந்து வந்து கயாக்கில் ஒட்டிக்கொண்டது, மேலே யாரோ வைத்த பூ. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்கள் இந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கின்றன. 1956-ல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் இங்கே முக்குளித்துக் கண்டார்கள். அந்தத் தூண்களுக்கு மேலே பிளாஸ்ரிக் தோணியில் குந்தியிருக்கிறோம் என்ற நினைப்பில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒருவன் மட்டும் செல்ஃபி எடுத்தான். அவனை மன்னித்துவிட்டோம்.

பங்குனி சித்திரைதான் உங்களுக்கு ஏற்ற காலம். வாடை (வடகீழ்க் காற்று) அடங்கி, சோளகம் (தென்மேல் காற்று) எழுவதற்கு முந்திய இடைவெளி. பின்னேரத்தில் இடி மழை வரலாம். விடியலில் இறங்கி ஒன்பதுக்குள் கரையேறுகிறவருக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஐப்பசியிலிருந்து தை வரை யோசிக்கவே வேண்டாம்.

அதுவரை கை சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. இறக்கக்கண்டிக் களப்புக்கு (கடலோர நீரேரிக்கு) போங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் இறங்கி, முதலில் காற்றை எதிர்த்து ஓட்டுங்கள். களைத்தால் அதே காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். வலைக் கம்புகளுக்கு விலகிப் போங்கள், முதலை நடமாட்டம் உண்டா என்று ஊராரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கேயே இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்று கவிழ்ந்து பழகுங்கள். நாலு பேரும், தலைக்கு ஐந்து தடவையாவது. கயாக்கைப் புரட்டி நிமிர்த்துவது லேசு. நனைந்த ஜீன்சோடு அதன் மேல் ஏறுவதுதான் நடவாத காரியம். எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஜீன்சோடு வந்து, மூன்று தரம் ஏறி மூன்று தரம் மறு பக்கம் விழுந்தான். அன்றைக்கு அது சிரிப்பு. லைஃப் ஜாக்கெட்டைக் கொழுவியதும் கூட்டாளியைக் கொண்டு தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது.

கூட்டமாகப் போகும்போது பலசாலியை முன்னால் விடாதீர்கள். அவர் பின்னால் வரட்டும், ஆகக் களைத்தவர் முன்னால் போகட்டும். எங்கள் மற்றக் கயாக்கில் இருந்தவர்கள்தான் எங்கள் நாலு பேரில் திறமான ஆட்கள், அதனால்தான் எங்களை விட்டு முந்நூறு மீற்றர் தள்ளி இருந்தார்கள். பத்து மீற்றர் கயிறு ஒன்று, ஆளுக்கொரு விசில், தண்ணீர். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு நீருக்குள் எங்கே போகிறதென்று உங்களுக்குத் தெரியாது, வாடியில் (மீனவர் கொட்டிலில்) கேட்டு அவர்கள் காட்டும் பக்கத்தால் போங்கள். உள் துறைமுகப் பக்கம் கடற்படையிடம் கேட்காமல் துடுப்பே போட வேண்டாம். புறாமலை 2003-ல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், நிலாவெளியில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கயாக்கை முருகைக்கல் (பவளப்பாறை) மேல் இழுத்து ஏற்றாதீர்கள்.

அம்மா விஷயம். அவருக்குக் கடல் என்றால் 2004 மார்கழிச் சுனாமி. அது போதாதென்று 2021-ல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை (ஆள் ஏற்றும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். அவரோடு வாதாடாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: யார் யார், எங்கே இறங்குகிறோம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குக் கரையேறி ஃபோன் எடுப்போம், எடுக்காவிட்டால் அவர் யாருக்கு எடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தியே எடுங்கள். நாலைந்து தடவை அப்படி நடந்தால் பேச்சு வரும்.

வெள்ளைக்காரர் பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. வாடகை விலையை அவர்களுக்கென்று வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை. கொட்டியாரக் குடாவில் தோணி வலித்த சனத்தின் பேரப்பிள்ளைகளுக்குத் துடுப்புப் பிடிக்க யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

வலை பொத்தும் அந்த ஐயாவிடம் இன்னொரு தரம் போங்கள். ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, அவர் பகுதியில் காற்று எத்தனை மணிக்கு எழும், எப்போது விழும் என்று கேளுங்கள். என் கணக்கை விட அவர் கணக்குச் சரியாக இருக்கும்.

சித்திரையில் மலையடிக்குப் போவதென்றால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இரட்டைக் கயாக்கில் பின்னிருக்கை வேண்டும், முன்னால் என் முழங்காலுக்கு இடம் போதாது.

அன்புடன்