பழைய பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: தோட்டத்துக் காய்கறிகளை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். 2012-ஆம் ஆண்டு டாடா 207 டி.ஐ. (பி.எஸ். 3 புகைமாசு விதிப்படி வந்தது) ஒன்றும், 2018-ஆம் ஆண்டு பொலேரோ பிக்கப் (பி.எஸ். 4) ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. நீண்ட நாள் உழைப்பது எது?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் இரண்டு வண்டிகளின் சேஸிஸையும், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தையும் பாருங்கள். எஞ்சின் தேய்ந்திருந்தால் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு ஓட வைத்துவிடலாம். துருவேறி இளைத்த சேஸிஸுக்கோ எவ்வளவு வெல்டிங் வைத்தாலும் பழைய பலம் திரும்புவதில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒட்டுத் தகடும், அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பூசிய கறுப்புப் பெயிண்டும் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மீன் லோடு ஏற்றிய வண்டியா என்பதையும் அவசியம் விசாரியுங்கள். ஐஸ் உருகி வடியும் உப்புநீர் இரும்பை அரித்துவிடும்.

எஞ்சினைச் சோதிக்க விடியற்காலையில், முன்கூட்டியே சொல்லாமல் செல்லுங்கள். எஞ்சின் சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயின்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் கவலையில்லை, புகையோடு எகிறி விழுந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தாலும் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்றே பொருள்.

207-இன் மெக்கானிக்கல் டீசல் பம்பை அனுபவமுள்ள உள்ளூர் பம்ப் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். பி.எஸ். 4 பொலேரோவில் இருப்பது காமன் ரயில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் அதன் இன்ஜெக்டர்கள் தண்ணீரும் தூசியும் கலந்த டீசலைத் தாங்காது என்பதால், டீசல் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றினார்களா என்று பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். ஆறு ஆண்டு இளையது என்பதால், சேஸிஸ் சுத்தமாக இருக்குமானால் நான் பொலேரோவையே எடுப்பேன். ஆனால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் ரிட்டர்ன் டெஸ்ட் (ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று அளப்பது) செய்து பார்த்து, ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருப்பதையும் உறுதி செய்யும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.