401 கறுப்பு, எங்கள் வீதி மட்டும் ஏன் வெள்ளை?

கேள்வி: பனி ஓய்ந்த சற்று நேரத்தில் 401 நெடுஞ்சாலையில் தார் தெரிகிறது. ஸ்காபரோவில் எங்கள் வீதி மாலைவரை வெள்ளையாகவே கிடக்கிறது. ஏன் இந்தப் பாகுபாடு?

பதில்: 401 ஒன்ராறியோ மாகாண அரசின் பொறுப்பு; உங்கள் வீதி ரொறன்ரோ மாநகரத்துடையது. மாநகரமும் பெருஞ்சாலைகளை வழித்த பிறகே குடியிருப்பு வீதிகளுக்கு வருகிறது. அது சரியான வரிசைதான். பெருஞ்சாலை அடைபட்டால் ஆம்புலன்ஸ் உங்கள் வீதி முனைக்கே வராது.

கேள்வி: மாகாண நெடுஞ்சாலைகளில் எதற்கு முதலிடம்?

பதில்: குளிர்காலத்தில் நாளொன்றுக்கு எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன என்று பார்த்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பத்தாயிரத்துக்கு மேல் ஓடினால் முதல் வகுப்பு: 8 மணி நேரத்துக்குள் தார் தெரிய வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 16, மூன்றாவதற்கு 24. ஐந்தாம் வகுப்பில் இறுகிய பனியின் மேலேயே ஓட்ட வேண்டியிருக்கும்.

பலரும் தவறவிடுவது ஒன்று: இந்தக் கணக்கு பனிப்புயல் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. பனி கொட்டும்போதும் அதை வழிக்கும் லொறிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் வழித்த இடம் மீண்டும் மூடிக்கொள்ளும். ஆகவே, புயல் நடுவில் “முதல் வகுப்புச் சாலைதானே” என்று நம்பிப் புறப்படாதீர்கள்.

வாகன எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு வடக்கே 11, 17 நெடுஞ்சாலைகளே சாட்சி. பல இடங்களில் அவற்றுக்கு மாற்றுவழி கிடையாது. கனரக லொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. 2022-இல் அங்கே 16 மணி நேர இலக்கு 12 ஆகக் குறைக்கப்பட்டது. வடபகுதி மக்கள் கேட்டுப் பெற வேண்டியிருந்த நியாயம் இது.

கேள்வி: கடுங்குளிரில் உப்புக்குப் பதில் மணல் போடுகிறார்களே?

பதில்: மைனஸ் 12 பாகைக்குக் கீழே உப்பு மந்தமாகிவிடும், மைனஸ் 18-க்குக் கீழே பயனில்லை. மணல் பனியை உருக்காது, டயருக்குப் பிடிமானம் தரும்.

கேள்வி: பனி வழிக்கும் லொறிகள் மூன்று சாலையை அடைத்தபடி ஊர்கின்றன. இடையில் புகுந்து முந்தலாமா?

பதில்: கூடவே கூடாது. முதல் லொறி ஒதுக்கும் பனியை அடுத்தது வாங்கி, கடைசி லொறி ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஒரு லொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே பனி வரப்புப்போல் குவிந்திருக்கும். எழும் வெண்புழுதியில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்த லொறிகளின் நீல விளக்கைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே வாருங்கள். அப்போதுதான் வழித்து உப்பிட்ட சாலை உங்களுக்குக் கிடைக்கும்.