அப்பா வேண்டாமென்ற நிலம்

அன்புள்ள ஐயா,

தாங்கள் ஓர் உரையில் குறிப்பிட்டதை வைத்து அமெரிக்க இலக்கிய விமர்சகர் ஆல்ஃபிரட் கேசினின் தன்வரலாற்று நூலான 'எ வாக்கர் இன் த சிட்டி'யை வாசித்தேன். அம்மாவின் சமையலறையைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஆர்வத்தில் அவருடைய விமர்சன நூலான 'ஆன் நேட்டிவ் கிரவுண்ட்ஸ்' எடுத்தேன். நூறு பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. இரண்டையும் எழுதியவர் ஒருவர்தானா என்றே தோன்றியது. விமர்சனத்தில் சலிப்புற்றுத்தான் தன்வரலாற்றுக்கு வந்தாரா? ஒரு விமர்சகர் தன் அம்மாவின் தையல் இயந்திரத்தைப் பற்றி எழுதவேண்டிய தேவை என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சலிப்புற்று வந்தவரல்லர். கேசின் கடைசிவரை விமர்சகராகவே இருந்தார். அமெரிக்க எழுத்தாளர்களின் கடவுள் நம்பிக்கையைப் பற்றிய அவருடைய நூல் 1997இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் வெளிவந்தது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியமானது. நீங்கள் இரண்டு முறை படித்த அந்தப் புத்தகத்திலேயே அதற்கு விடை இருக்கிறது.

கேசின் 1915 ஜூன் 5 அன்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிரவுன்ஸ்வில் என்னும் ஏழை யூதக் குடியிருப்பில் பிறந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசிய குடும்பம். அப்பா வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழிலாளி. அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சமையலறையிலேயே உடை தைத்துக் கொடுத்தவர். மகனுக்குத் திக்குவாய். தெருவில் தனியாக நடக்கும்போது மட்டுமே தன் முழுக்குரலில் பேச முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நூல் நடந்துகொண்டே சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்பா இளமையில் நாட்டின் மேற்குப் பக்கம் போய், யூனியன் பசிபிக் ரயில்பெட்டிகளுக்குச் சாயம் பூசியவர். அப்போது குடியேறிப் பயிர்செய்ய அவருக்கு நிலம் தருவதாகச் சொன்னார்களாம். அவர் அதை ஏற்கவில்லை. அப்பா சொல்லக் கேட்ட 'ஒமாஹா' என்னும் ஊர்ப்பெயரைப் போல அழகான சொல்லைத் தான் கேட்டதே இல்லை என்றும், அந்த நிலத்தை வாங்கிக்கொள்ளாத அப்பாவைத் தன்னால் மன்னிக்கவே முடியவில்லை என்றும் கேசின் எழுதுகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும் இடம்தான். ஆனால் அந்தச் சிறுவன் 27ஆம் வயதில் தன் முதல் நூலுக்கு வைத்த 'ஆன் நேட்டிவ் கிரவுண்ட்ஸ்' என்ற தலைப்பை நினைத்துப் பாருங்கள். நம் மொழியில் அதைச் 'சொந்த மண்ணில்' என்று சொல்லலாம். அப்பா வேண்டாமென்று விட்டுவந்த மண்ணை மகன் புத்தகங்களின் வழியாகப் பட்டா போட்டுக்கொண்டான் என்றே அதை நான் வாசிக்கிறேன்.

அந்தத் துணிச்சல் அவருக்கு முன்பே இருந்தது. 1934இல், கல்லூரி மாணவராக இருந்தபோது, பாதாள ரயிலில் நியூயார்க் டைம்ஸில் ஜான் சேம்பர்லின் எழுதிய மதிப்புரையைப் படித்துக் கோபமுற்று, டைம்ஸ் சதுக்கத்தில் இறங்கி, நேரே அலுவலகத்துக்கே போய் அவரிடம் வாதிட்டார். சேம்பர்லின் நல்ல மனிதர். பையனுக்கு ஒரு கடிதம் கொடுத்து 'நியூ ரிபப்ளிக்' இதழில் இருந்த மால்கம் கௌலியிடம் அனுப்பிவைத்தார். கேசின் மதிப்புரையாளரானது அப்படித்தான். பிறகு நியூயார்க் பொது நூலகத்தின் வாசிப்புக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, நாவலாசிரியர்களான ஹவல்ஸ் தொடங்கி ஃபாக்னர் வரையிலான அமெரிக்க உரைநடையின் வரலாற்றை எழுதி 1942இல் வெளியிட்டார். குடியேறியவரின் மகன், தன்னைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாமல், அந்த நாட்டின் இலக்கியத்தை உள்ளிருந்து பேசும் உரிமையோடு பேசிய நூல் அது.

சொல்லாமல் விட்டது அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1951இல் வெளிவந்த 'எ வாக்கர் இன் த சிட்டி'யில் பிரவுன்ஸ்வில்லுக்குத் திரும்பி நடக்கிறார். டிரைசரின் நாவலை எந்தக் கவனத்தோடு படித்தாரோ அதே கவனத்தோடு ஊறுகாய்ப் பீப்பாய்களையும் தொழுகைக்கூடத்தையும் அந்தத் தையல் இயந்திரத்தையும் படிக்கிறார். இயந்திரத்தின் மிதியில் இருந்த அம்மாவின் கால், அந்த வீட்டையே இயக்கிய விசை. அதைக் கண்டுசொல்வதும் விமர்சகரின் வேலைதான். அடுத்து வந்த தன்வரலாற்று நூல்களில், 1965இல் வெளியானது எனக்குப் பிடிக்கும். 1978இல் வந்ததில் புகழ்பெற்றவர்களின் பெயர்கள் நெருக்கியடிக்கின்றன, பழைய கணக்குகள் தீர்க்கப்படுகின்றன. நடப்பவரின் காலடி ஓசை அதில் கேட்பதில்லை.

விமர்சன நூலை மூடி வைத்துவிட வேண்டாம். முதல் நூறு பக்கங்கள் ஹவல்ஸின் காலத்தை அறியாதவர்களுக்குக் கடினமானவையே. கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் எழுத்தாளர்களும் புகைப்படக்காரர்களும் தங்கள் நாட்டைத் தாங்களே பார்ப்பதற்காக ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனதைப் பற்றியது அது. 'அமெரிக்கா! அமெரிக்கா!' என்று இரண்டு முறை கூவும் அதன் தலைப்பைப் படிக்கும்போது, ஒமாஹா என்ற பெயரில் மயங்கிய அந்தச் சிறுவனையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.